பரவலாக்கிய தரவுத்தளத்தில் பெருந்தரவுப் பகுப்பாய்வு: கிளிக்ஹவுஸ் கிளஸ்ட்டரை எந்த ஒழுங்கில் கட்டுவது

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வருகிற பெடியள், பெட்டையள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். முதல் நாளே நாலு சேர்வரை இணைத்துக் கிளஸ்ட்டர் கட்டத் தொடங்குகிறார்கள். அட்டவணையை எப்படி அமைப்பது என்ற யோசனை மூன்றாம் கிழமைதான் வருகிறது. அதற்குள் தரவெல்லாம் பிழையான வரிசையில் ஏறிவிடும். இந்த வழிகாட்டி அந்த ஒழுங்கைத் தலைகீழாக்குகிறது: முதலில் கேள்வி, பிறகு ஒரு மெஷினில் ஒரு அட்டவணை, கிளஸ்ட்டர் கடைசியில்.

எடுத்துக்காட்டாகப் பஸ்களின் ஜிபிஎஸ் தரவை வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பஸ்ஸிலும் ஒரு கருவி. 5 செக்கனுக்கு ஒருமுறை இடத்தையும் வேகத்தையும் அனுப்பும். தரவுத்தளம் கிளிக்ஹவுஸ்; பெருந்தரவைப் பகுப்பாய, தரவை நிரல் நிரலாகச் சேமிப்பது. இந்தியாவிலிருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: எங்கள் பக்கத்தில் படுக்கையாக ஓடுவது நிரை, நிலைக்குத்தாக நிற்பது நிரல். கீழே முழுக்க அப்படியே எழுதியிருக்கிறேன்.

1. மெஷினைத் தொட முன் கொப்பியில் எழுத வேண்டியவை

முதலில் கணக்கு. ஒரு பஸ் நாளுக்கு 16 மணித்தியாலம் ஓடுகிறது என்றால் 11,520 நிரைகள். 200 பஸ்ஸுக்கு நாளுக்கு 23 இலட்சம், வருடத்துக்கு ஏறத்தாழ 84 கோடி. நிரல்களைச் சிக்கனமாகத் தெரிந்தெடுத்தால் ஒரு நிரைக்கு 19 பைட் போதும். அதாவது வருடத்துக்கு 16 ஜிபி, அதுவும் சுருக்க முன்.

இந்த அளவுக்குக் கிளஸ்ட்டர் தேவையில்லை. ஒரு நல்ல மெஷின் காணும். கோடி என்ற சொல்லைக் கேட்டதும் பயந்து சேர்வர் வாடகைக்கு எடுக்க ஓடுகிறவர்களுக்காகத்தான் இந்தக் கணக்கை முதலில் போடச் சொல்கிறேன்.

இலங்கை முழுக்க 5,000 வாகனம், மூன்று வருடத் தரவைக் கையில் வைத்திருக்க வேண்டும், ஒரு மெஷின் விழுந்தாலும் வேலை நிற்கக் கூடாது என்றால் கதை வேறு. வருடத்துக்கு 2,100 கோடி நிரை, 400 ஜிபி. அப்போதுதான் இரண்டாம் மெஷினுக்கு நியாயம் வருகிறது.

அடுத்தது கேள்விகள். தரவைப் பார்க்கப் போகிறவர் உண்மையில் என்ன கேட்பார்? "பருத்தித்துறை வழித்தடத்தில் காலை 7 முதல் 8 வரை சராசரி வேகம் என்ன?" "இந்த ஒரு பஸ் நேற்று எங்கெங்கே நின்றது?" இப்படி ஐந்தாறு கேள்வியை வார்த்தைக்கு வார்த்தை எழுதுங்கள். 3ஆம் படியில் அட்டவணையின் வரிசையைத் தீர்மானிக்கப் போவது இவைதான். "எல்லாத்தையும் கேட்கலாம் அண்ணை" என்று பதில் வந்தால் இன்னும் யாரிடமும் போய்க் கேட்கவில்லை என்று அர்த்தம்.

2. தேவையானவை

பழகுவதற்கு 16 ஜிபி ராம் உள்ள ஒரு மடிக்கணினியும், ஒரே கணினியில் பல சேர்வர்களைத் தனித்தனியாக ஓட்டும் டொக்கர் மென்பொருளும் போதும். உண்மையான கிளஸ்ட்டருக்குக் குறைந்தது நாலு மெஷின் (இரண்டு ஷார்ட், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதி), பிரதிகளின் பதிவேட்டைக் காக்கும் கீப்பருக்கு மூன்று சிறிய மெஷின். ஷார்ட் என்றால் தரவின் ஒரு துண்டு. பிரதி என்றால் அந்தத் துண்டின் நகல்.

அலுவலக மூலையில் கிடக்கும் பழைய கணினியில் முயல்வதாக இருந்தால், அதன் ப்ரொசசரில் எஸ்எஸ்இ 4.2 என்ற கட்டளைத் தொகுதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இன்டெல், ஏஎம்டி ப்ரொசசர்களுக்கான வழமையான பதிப்பு அது இல்லாமல் எழும்பாது.

எல்லா மெஷினிலும் நேரம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொரு மெஷினும் மற்றதை ஹோஸ்ட் பெயரால் கண்டுபிடிக்க வேண்டும். நிறுவியவுடன் கிளிக்ஹவுஸ் தன் மெஷினுக்குள்ளிருந்து வரும் இணைப்பை மட்டுமே ஏற்கும். வெளியிலிருந்து வரும் இணைப்பையும் ஏற்கும்படி அமைப்பில் மாற்ற வேண்டும்.

போர்ட்டுகளில், வினவல்கள் வந்து சேரும் 8123உம் 9000உம் எல்லாருக்கும் தெரியும். மறந்துபோவது 9009. பிரதிகள் தமக்குள் தரவை இழுப்பது அதன் வழியாக. அது மூடியிருந்தால் இரண்டு பிரதியிலும் அட்டவணை அழகாக உருவாகும், பிழை ஒன்றும் கண்ணில் படாது, ஆனால் ஒன்றில் போட்ட தரவு மற்றதில் வராது. ஹோஸ்ட் பெயர் பிழைத்தாலும் இதே அறிகுறிதான். ஒருமுறை இதைத் தேடி இரண்டு நாள் போனது. அதற்குப் பிறகு போர்ட்டுகளைத் தட்டிப் பார்க்காமல் நான் அடுத்த படிக்கு விடுவதில்லை.

3. ஒரு மெஷினில் ஒரு அட்டவணை

இந்தப் படியில் பிழைத்தால் பின்னால் பத்து மெஷின் போட்டாலும் சரிவராது. அவசரப்பட வேண்டாம்.

நிரலின் வகை. பஸ் இலக்கத்துக்கு 16 பிட் முழு எண், வேகத்துக்கு 8 பிட். வழித்தடப் பெயர் திரும்பத் திரும்ப வருகிற சொல் என்பதால் லோ கார்டினாலிட்டி வகை (சொல்லை ஒருமுறை வைத்து, நிரைகளில் அதற்கான எண்ணை மட்டும் வைக்கும்). அகலாங்கு, நெட்டாங்குக்கு 32 பிட் ஃப்ளோட் (மிதவைப் புள்ளி எண்) போதும். நாங்கள் இருப்பது கிழக்கு நெட்டாங்கு 80 பாகைக்குக் கிட்ட. அந்த இடத்தில் 32 பிட்டின் தடுமாற்றம் ஒரு மீற்றருக்குள்தான் வரும், ஜிபிஎஸ் கருவியே அதைவிட அதிகம் ஆடும். இதைச் சொல்லாவிட்டால் எல்லா நிரலையும் ஸ்ட்ரிங் (வெறும் எழுத்து) ஆக்கி வைப்பார்கள். பிறகு வேகத்தின் சராசரி எடுக்க வெளிக்கிடும்போதுதான் முழிப்பு வரும்.

"இல்லை" என்ற பெறுமானத்தை ஏற்கும் நலபிள் வகையை எல்லா நிரலுக்கும் போடும் பழக்கத்தையும் விடுங்கள். அப்படிப் போட்ட ஒவ்வொரு நிரலுக்கும் பக்கத்தில் இன்னொரு கோப்பு ஓடுகிறது.

நேரம். கருவிகள் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தைத்தான் அனுப்பும். நாங்கள் அதற்கு 5 மணி 30 நிமிடம் முன்னால். நேர நிரலுக்குக் கொழும்பு நேரவலயத்தைக் கொடுக்காவிட்டால் காலை 5 மணிக்குப் புறப்பட்ட முதல் பஸ், முதல் நாள் இரவு 11.30க்குப் புறப்பட்டதாக அறிக்கையில் நிற்கும். நாளுக்குரிய மொத்தமும் மாறும், மாதத்துக்குரிய மொத்தமும் மாறும். பகல் பஸ்களை மட்டும் பார்த்துச் சரி என்று முடிவெடுக்கிறவர்களுக்கு இது தெரியவே வராது. விடியற்காலைப் பஸ் ஒன்றை எடுத்துச் சரிபாருங்கள்.

வரிசை. ஓடர் பை என்ற இடத்தில் கொடுக்கும் நிரல்களின்படிதான் தரவு டிஸ்க்கில் அடுக்கப்படும். கிளிக்ஹவுஸ் ஒவ்வொரு நிரைக்கும் இன்டெக்ஸ் வைப்பதில்லை. 8,192 நிரைக்கு ஒரு அடையாளம்தான் வைக்கிறது. அந்த 8,192 நிரைக் கட்டுக்குக் கிரானியூல் என்று பெயர். 84 கோடி நிரைக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் அடையாளம், அவ்வளவும் ராமுக்குள் அடங்கிவிடும். வினவல் வரும்போது தேவையில்லாத கிரானியூல்களைத் தாண்டிப் போவதில்தான் வேகம் இருக்கிறது. நீங்கள் தேடும் நிரைகள் ஒன்றாக அடுக்கியிருந்தால்தான் தாண்ட முடியும்.

எங்கள் கேள்விகளுக்கு வழித்தடம், பஸ் இலக்கம், நேரம் என்ற வரிசை பொருந்துகிறது. வேறுபட்ட பெறுமானம் குறைவாக உள்ளது முன்னால், கூடியது பின்னால். புதிதாக வருகிறவர்கள் மைஎஸ்கியூஎல் தரவுத்தளப் பழக்கத்தில் நேரத்தை முன்னால் போடுவார்கள். அப்படிப் போட்டால் ஒவ்வொரு செக்கனிலும் எல்லாப் பஸ்ஸும் கலந்து கிடக்கும், ஒரு பஸ்ஸின் ஒரு மாதத்தைத் தேடினால் அந்த மாதம் முழுவதையும் வாசிக்க வேண்டிவரும். சுருக்கமும் கெட்டுப்போகும், ஏனென்றால் அருகருகே இருக்கும் பெறுமானங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகா.

இந்த வரிசையைப் பிறகு மாற்ற முடியாது. புதிதாகச் சேர்க்கும் நிரலைக் கடைசியில் ஒட்டலாம், அவ்வளவுதான். மற்றதெல்லாவற்றுக்கும் புது அட்டவணை கட்டித் தரவை மீண்டும் ஊற்ற வேண்டும்.

பிரிவு. பார்ட்டிஷன் மாதத்துக்கு ஒன்று போதும். பழைய மாதங்களை ஒரே அடியில் கழற்றி எறிவதற்குத்தான் அது. வேகத்துக்காக என்று நினைத்து நாளுக்கும் பஸ்ஸுக்கும் ஒரு பிரிவு போட்டால் ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகள் சேர்ந்து எல்லாம் மந்தமாகும்.

கட்டி முடிந்ததும் ஒரு மாதத் தரவை ஏற்றி, கொப்பியிலுள்ள கேள்விகளை எக்ஸ்பிளெயின் கட்டளையில் இன்டெக்ஸ் விபரத்துடன் ஓட்டுங்கள். மொத்தக் கிரானியூலில் எத்தனை வாசிக்கப்படும் என்று காட்டும். ஒரு பஸ்ஸின் ஒரு நாளைக் கேட்டதற்குப் பாதிக்கு மேல் வாசித்தால் வரிசை பிழை. இப்போது மாற்றினால் அரை மணித்தியால வேலை.

4. தரவை ஏற்றுதல்

ஒரு பின்னேரம். பக்கத்து மேசைத் தம்பி முகம் வாடிப்போய் வந்தான்.

"அண்ணை, காலமை ஓடினது. இப்ப ஒண்டும் உள்ளுக்குப் போகுதில்லை."

"என்ன எழுதிக் கிடக்கு?"

"ரூ மெனி பார்ட்ஸ் எண்டு."

ஒவ்வொரு ஜிபிஎஸ் புள்ளிக்கும் ஒரு இன்சர்ட் (தரவை உள்ளே போடும் கட்டளை) அனுப்பிக்கொண்டிருந்தான். மைஎஸ்கியூஎலில் அது சாதாரணம். கிளிக்ஹவுஸில் ஒவ்வொரு இன்சர்ட்டும் டிஸ்க்கில் ஒரு புதுப் பார்ட், அதாவது ஒரு புதுக் கோப்புக் கட்டு. பின்னணியில் அவற்றைச் சேர்த்துப் பெரிதாக்கும் வேலை நடந்துகொண்டே இருக்கும். சேர்ப்பதைவிட வேகமாக உருவாக்கினால், ஒரு பிரிவில் பார்ட்டுகள் எல்லையைத் தாண்டியதும் அது இன்சர்ட்டை மறுத்துவிடும். அண்மைய பதிப்புகளில் அந்த எல்லை 3,000, பழையவற்றில் 300.

எல்லையைக் கூட்டி வைப்பது மருந்தல்ல. நிரைகளைச் சேர்த்து 10,000 முதல் 1,00,000 வரையான கட்டாக, செக்கனுக்கு ஒரு இன்சர்ட்டுக்கு மேற்போகாமல் அனுப்புங்கள். அனுப்பும் பக்கத்தில் சேர்க்க வழியில்லை என்றால், சேர்வரே சேர்த்துக்கொள்ளும்படி அசிங்க் இன்சர்ட் அமைப்பைத் திறந்துவிடலாம். அதில் சேர்வரின் ஒப்புதலுக்குக் காத்திருக்கும் தெரிவை மட்டும் அணைக்க வேண்டாம். அணைத்தால் பிழை நடந்ததே உங்களுக்குத் தெரியாமல் போகும்.

பார்ட்டுகள் எத்தனை இருக்கின்றன என்பதை சிஸ்டம் தரவுத்தளத்தின் பார்ட்ஸ் அட்டவணை சொல்லும். ஏற்றத் தொடங்கிய முதல் நாள் மணித்தியாலத்துக்கு ஒருமுறை அதைப் பாருங்கள்.

5. இரட்டை நிரைகள்

சிக்னல் இல்லாத இடத்தில் கருவி தரவைத் தனக்குள் வைத்திருந்து பிறகு மொத்தமாக அனுப்பும். ஒப்புதல் வராவிட்டால் திரும்பவும் அனுப்பும். ஆகவே இரட்டை நிரை நிச்சயம் வரும்.

இதற்கு ரிப்ளேசிங் மேர்ஜ் ட்ரீ என்ற அட்டவணை வகை இருக்கிறது. ஓடர் பை நிரல்கள் முழுதும் ஒத்துப்போகும் நிரைகளில் ஒன்றை மட்டும் வைக்கும். ஆனால் அது நடப்பது பார்ட்டுகள் சேரும்போதுதான், அது எப்போது என்று சொல்ல முடியாது. சரியான எண்ணிக்கை வேண்டுமென்றால் வினவலில் ஃபைனல் என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும், அதற்கு வேகத்தில் ஒரு விலை உண்டு. இரண்டு ஷார்ட்டில் தனித்தனியாக விழுந்த இரட்டை நிரைகள் எந்தக் காலத்திலும் சேராது. இதை 7ஆம் படி வரை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

6. கீப்பர்

பிரதிகளுக்கிடையே யாரிடம் என்ன இருக்கிறது என்ற பதிவேட்டைக் கீப்பர் வைத்திருக்கிறது. பெரும்பான்மை உயிரோடு இருந்தால்தான் அது வேலை செய்யும். மூன்றில் ஒன்று விழலாம். இரண்டு போட்டால் ஒன்று விழுந்தாலே பெரும்பான்மை போய்விடும், ஆகவே பாதுகாப்பில் இரண்டு என்பது ஒன்றைவிட மேலானதல்ல.

கீப்பர் நின்றால் பிரதி அட்டவணைகள் வாசிக்க மட்டும் விடும், எழுத விடாது. மூன்று கீப்பரையும் ஒரே யுபிஎஸ்ஸில் சொருகி வைத்திருந்த காலம் எங்களுக்கும் இருந்தது. கரண்ட் போய், யுபிஎஸ் பற்றரியும் இறங்கினபோது மூன்றும் ஒன்றாகப் படுத்தன.

7. ஷார்ட்டும் பிரதியும்

ஒவ்வொரு மெஷினின் அமைப்பிலும் தன் ஷார்ட் எண்ணையும் பிரதிப் பெயரையும் மேக்ரோவாக (கட்டளைக்குள் தானாக நிரம்பும் பெறுமானமாக) எழுதுங்கள். அப்படியானால் ஒரே கட்டளையை ஒன் கிளஸ்ட்டர் என்று சேர்த்து எல்லா மெஷினிலும் ஓட்டலாம். கோப்பை அப்படியே நகலெடுத்து மேக்ரோவை மாற்ற மறப்பதுதான் இங்கே வழமையான பிழை. இரண்டாவது மெஷினில் இந்தப் பிரதி ஏற்கெனவே உண்டு என்று கத்தும்.

அட்டவணையின் வகைப் பெயருக்கு முன்னால் ரெப்ளிக்கேட்டட் என்று சேர்த்துக் கட்டுங்கள். கிளஸ்ட்டர் வரையறையில் இன்டர்னல் ரெப்ளிக்கேஷன் என்பதை ட்ரூ ஆக்குங்கள். நகலெடுக்கும் வேலையை அட்டவணையே பார்த்துக்கொள்ளும். இல்லாவிட்டால் அதே தரவு 8ஆம் படியில் வரும் டிஸ்ட்ரிபியூட்டட் அட்டவணை வழியாலும் ஒவ்வொரு பிரதிக்கும் அனுப்பப்படும்.

கட்டளை ஓடும்போது ஒரு மெஷின் படுத்திருந்தால் 180 செக்கன் காத்திருந்துவிட்டு நேரம் முடிந்தது என்று வரும். பதறி இரண்டாம் தரம் அடிக்க வேண்டாம். அந்தக் கட்டளை வரிசையில் நிற்கிறது, மெஷின் எழும்பியதும் தானாக ஓடும்.

எதை வைத்து ஷார்ட் பிரிப்பது? மாதத்தை வைத்துப் பிரிக்கப் பலருக்கு ஆசை. நல்லூர்த் திருவிழா 25 நாளையும் நினைத்துப் பாருங்கள். எல்லாரும் அந்தக் காலத்துப் பஸ் நிலவரத்தைத்தான் கேட்பார்கள். மாதப்படி பிரித்திருந்தால் ஒரு மெஷின் மூச்சுத் திணறும், மற்றது சும்மா இருக்கும். பஸ் இலக்கத்தின் ஹாஷ் பெறுமானத்தால் (இலக்கத்தைக் கலைத்துக் கணிக்கும் எண்ணால்) பிரித்தால் எந்த நாளின் தரவும் இரண்டு பக்கமும் பரவி நிற்கும். அதோடு ஒரு பஸ்ஸின் நிரைகள் எல்லாம் ஒரே ஷார்ட்டில் விழும், 5ஆம் படியில் சொன்ன இரட்டை நிரைகள் ஒன்றையொன்று சந்திக்கும். எழுந்தமானமாகப் பிரித்தால் இந்த இரண்டாவது நன்மை கிடையாது.

ஒரு மயக்கத்தையும் இங்கே தீர்த்துவிடுகிறேன். பிரதி அட்டவணையில் ஒரே கட்டை இரண்டு தரம் அனுப்பினால் இரண்டாவது சத்தமில்லாமல் விடப்படும். சோதிக்கிறேன் என்று ஒரே நிரையை இரண்டு தரம் போட்டுவிட்டு, "ஒண்டைக் காணேல்லை" என்று வருவார்கள். அது பிழையில்லை. வலையமைப்பு அறுந்து நீங்கள் திரும்ப அனுப்பும்போது காப்பாற்றுவது அதுதான். ஆனால் திரும்ப அனுப்பும் கட்டு முன்னதின் அதே நிரைகளோடு அதே ஒழுங்கில் இருக்க வேண்டும்.

8. டிஸ்ட்ரிபியூட்டட் அட்டவணை

இது தனக்கென்று தரவு வைத்திராது. கேள்வியை எல்லா ஷார்ட்டுக்கும் அனுப்பிப் பதிலைச் சேர்த்துத் தருகிற வாசல்தான். வாசிப்பதெல்லாம் இதன் வழியாக. மெஷினிலுள்ள உள்ளூர் அட்டவணையை நேரே கேட்டுவிட்டுப் பாதித் தரவு தொலைந்துவிட்டது என்று அலறியவர்களும் உண்டு.

இதன் வழியாக எழுதினால், இயல்பான அமைப்பில் தரவு முதலில் அந்த மெஷினின் டிஸ்க்கில் தங்கிப் பிறகு பின்னணியில் போகும். இன்சர்ட் வெற்றி என்று வந்த பிறகும் தரவு போய்ச் சேராமல் இருக்கலாம். சேர்ந்த பிறகுதான் வெற்றி சொல்லும்படி அமைப்பை மாற்றுங்கள்.

9. வினவல் எழுதும்போது

தேவையான நிரல்களை மட்டும் கேளுங்கள். நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் கேட்டால், நிரல் நிரலாகச் சேமிப்பதன் பயன் முழுக்கப் போய்விடும்.

ஒரு வினவலுக்குள் இன்னொரு வினவலை இன் அல்லது ஜொயின் மூலம் வைத்து, இரண்டும் டிஸ்ட்ரிபியூட்டட் அட்டவணையாக இருந்தால் மறுப்புப் பிழை வரும். ஒவ்வொரு ஷார்ட்டும் உள் வினவலைத் திரும்ப எல்லா ஷார்ட்டுக்கும் அனுப்பத் தொடங்கினால் பெருகிப் போகும் என்பதால்தான் அந்தத் தடை. குளோபல் என்ற சொல்லை முன்னால் சேர்த்தால் உள் வினவல் ஒருமுறை ஓடி அதன் பதில் எல்லாருக்கும் அனுப்பப்படும். பதில் சிறியதாக இருக்கும்வரை அது நல்லது. இரண்டு பக்கமும் பஸ் இலக்கத்தால் இணைந்தால், பிரித்ததும் அதே இலக்கத்தால்தான் என்பதால் உள்ளூர் அட்டவணையோடு இணைப்பதே போதும்.

குரூப் பை (நிரைகளை வகைப்படுத்திக் கூட்டுவது) பெரிதாகி ராம் முடிந்தால், மிஞ்சுவதை டிஸ்க்கில் இறக்கும் எல்லையை வினவலுக்கான ராம் எல்லையில் பாதியாக வையுங்கள்.

குவான்டைல் (இத்தனை வீதம் இதற்குக் கீழே என்று காட்டும் பெறுமானம்), யுனிக் (வேறுபட்டவற்றின் எண்ணிக்கை) இரண்டும் அண்ணளவான விடைதான் தரும். வரைபடத்துக்கு அது காணும். பணம் கட்டும் அறிக்கை என்றால் எக்ஸாக்ட் என்று முடியும் வடிவத்தைப் போடுங்கள்.

10. சுருக்க அட்டவணை

ஒரே சராசரியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் மெட்டீரியலைஸ்ட் வியூ (தரவு வரவரத் தானாக ஓடி விடையைச் சேமிக்கும் வினவல்) ஒன்றைப் போட்டு, மணித்தியாலத்துக்கு ஒரு நிரையாகச் சுருக்கி வைக்கலாம். அதில் சராசரியை எண்ணாகச் சேமித்துவிட வேண்டாம். ஒரு மணித்தியாலத்தில் 10 நிரை, சராசரி 40. அடுத்ததில் 1,000 நிரை, சராசரி 20. இரண்டு சராசரிக்கும் சராசரி எடுத்தால் 30. உண்மை விடை 20.2. அக்ரிகேற்றிங் மேர்ஜ் ட்ரீ அட்டவணையில் சராசரியின் இடைநிலையைச் சேமித்து, கேட்கும்போது ஒன்றுசேர்த்தால் இந்தப் பிழை வராது.

வியூ, தன்னைக் கட்டிய பிறகு வரும் தரவை மட்டும்தான் பார்க்கும். பழையதைத் தனியாக ஊற்ற வேண்டும். இரட்டை நிரைகள் மூல அட்டவணையில் பிறகு ஒன்றாகச் சேர்ந்தாலும், வியூ அவற்றை உள்ளே வந்த கணத்திலேயே இரண்டாக எண்ணிவிட்டது. ஆகவே சரியான எண்ணிக்கை முக்கியமான இடத்தில் நான் வியூவைத் தவிர்த்து, நள்ளிரவில் முதல் நாள் தரவை ஃபைனலோடு சுருக்கி எழுதுகிறேன். அழகான முறையில்லைத்தான், ஆனால் எண் சரியாக வருகிறது.

11. ஆளிடம் கொடுக்க முன்

ஒரு மெஷினின் வயரைக் கழற்றிவிட்டு வினவலை ஓட்டுங்கள். பதில் வர வேண்டும். பிறகு சொருகி, சிஸ்டத்தின் ரெப்ளிக்காஸ் அட்டவணையில் பின்தங்கல் பூச்சியத்துக்கு இறங்குகிறதா என்று பாருங்கள். அடுத்ததாக ஒரு கீப்பரைக் கழற்றுங்கள். பிறகு இரண்டாவதையும். எழுத்து நிற்பதைக் கண்ணால் ஒருமுறை கண்டால்தான் உண்மையாக நடக்கும்போது எங்கே தேடுவதென்று கை போகும்.

பிரதி என்பது காப்புப்பிரதி அல்ல. ஒன் கிளஸ்ட்டர் என்று சேர்த்து, அட்டவணையை அழிக்கும் ட்ரொப் அடித்தால் எல்லாப் பிரதியிலும் போகும். 50 ஜிபிக்கு மேற்பட்ட அட்டவணையை இயல்பான அமைப்பு அழிக்க விடாது. சிறியதை அழித்துவிட்டால், புதிய பதிப்புகளில் 8 நிமிடத்துக்குள் அன்ட்ரொப் கட்டளையால் மீட்கலாம். உள்ளிருக்கும் தரவை மட்டும் அழிக்கும் ட்ரங்கேற்றுக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே பேக்கப் கட்டளையால் வேறொரு இடத்துக்கு நாளாந்தம் எடுத்து, மாதத்துக்கு ஒருமுறை வெற்று மெஷினொன்றில் மீட்டு, மாதவாரியான நிரை எண்ணிக்கையை இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள்.